கலைஞரும் ஓவர்ரைமும்

சென்ற இதழில் நண்பரொருவர் புலம்பெயர்ந்த எமது பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதியிருந்தார். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்ற மூன்று கதவுகளுக்கு அப்பால் நான்காவது கதவொன்று இருப்பதை நாம் ஒப்புக்கொள்வதில்லை என்றும், ஓவியத்துக்கும் இசைக்கும் சினிமாவுக்கும் போகவிரும்பும் பிள்ளைகளை மறிப்பது யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்க மனோபாவத்தின் எச்சமே என்றும் அவர் வாதிட்டிருந்தார். அவர் சொன்னதில் பெரும்பகுதியுடன் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் கட்டுரையின் அடியில் ஓடிய ஒரு நம்பிக்கை என்னை உறுத்தியது. கலைஞராகப் போகும் பிள்ளை தொழிற்சாலையிலிருந்து தப்பிவிடுகிறது என்ற நம்பிக்கைதான் அது.

இந்த நம்பிக்கையை நான் ஒரு கணனி விளையாட்டை முன்வைத்து விசாரிக்க விரும்புகிறேன். இந்தப் பக்கங்களில் நாவலையும் சினிமாவையும் பேசியிருக்கிறோம், விளையாட்டைப் பேசியதில்லை. நானும் அதைச் சிறுபிள்ளைகளின் சங்கதி என்றே நினைத்திருந்தேன். ஊரில் ஒன்பது வருடம் இலக்கிய விமர்சனம் படிப்பித்தவன் நான். லண்டனில் பதின்மூன்று வருடமாக சான்ட்விச் பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை செய்பவன். விளையாட நேரமும் இல்லை, மனமும் இல்லை. என் தங்கையின் மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கணனிக்கு முன்னால் என்னைப் பிடித்து இருத்தினாள். ஓவியக் கல்லூரியில் படித்து, விளையாட்டுக்களுக்குப் படம் கீறும் கொம்பனியொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தவள்.

"மாமா, நீங்கள் எழுதுற ஆக்கள்தான் இதுக்குள்ள நிக்கினம். ஒருக்கா பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

2

2019 ஒக்ரோபரில் வெளியான அந்த விளையாட்டின் பெயர் 'டிஸ்கோ எலீசியம்'. செய்தவர்கள் எஸ்தோனியாவின் தலைநகர் தல்லினில் ஒரு கலாசாரச் சங்கமாகக் கூடிய எழுத்தாளர்களும் ஓவியர்களும். 'ஸா உம்' என்பது அச்சங்கத்தின் பெயர். பின்னர் அதே பெயரில் கொம்பனியும் வந்தது. எஸ்தோனியா சுமார் 13 லட்சம் பேர் வாழும் நாடு. அக்குழுவின் ரொபேர்ட் குர்வித்ஸ் 2013இல் தன் மொழியில் ஒரு நாவல் எழுதினார். ஆயிரம் பிரதியளவில்தான் விற்றது. முந்நூறு பிரதி அடித்து நூற்றைம்பதைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கும் எமக்கு ஆயிரம் பெரிய தொகைதான். அவருக்கு அது தோல்வியாகவே பட்டது. அந்த நாவலின் கற்பனை உலகமே ஆங்கிலத்தில் ஏறத்தாழ 10 லட்சம் சொற்கள் கொண்ட விளையாட்டாக மாறியது. சிறுமொழி எழுத்தாளர் வாசகரைத் தேடிப் பெருமொழிக்குள் போனதன் இலாபநட்டம் தனியே பேசப்படவேண்டிய விடயம்.

எனக்கு இங்கே முக்கியமானவர் அதன் கலை இயக்குநரான ஓவியர் அலெக்ஸாண்டர் ரொஸ்தோவ்.

கதை இது. குடித்து நினைவிழந்த ஒரு பொலிஸ் துப்பறிவாளன் விடுதியறையில் கண் விழிக்கிறான். தன் பெயரே அவனுக்குத் தெரியாது. விடுதிக்குப் பின்னாலுள்ள மரத்தில் ஒரு பிணம் ஏழு நாளாகத் தொங்குகிறது. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். அந்த நகரத்தில் அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு புரட்சி நடந்து, வெளிநாட்டுக் கூட்டணியொன்றின் படைகளால் நசுக்கப்பட்டிருக்கிறது. புரட்சியாளரை நிறுத்திச் சுட்ட சுவரில் குண்டு துளைத்த பள்ளங்கள் இன்னமும் கிடக்கின்றன. குண்டில் சிதறிய அரசனின் சிலையை, சிதறிய நிலையிலேயே துண்டுதுண்டாகப் பொருத்திச் சந்தியில் நிறுத்தியிருக்கிறார்கள். கொலையின் முடிச்சு அவிழும்போது கடலில் ஒரு சிறு தீவில் நாம் காண்பது, யுத்தம் முடிந்துவிட்டதென்பதை இன்னமும் ஏற்காத ஒரு கிழவனை. தோற்றுப்போன புரட்சியின் கடைசிப் படைவீரன் அவன். அந்த இடத்தில் நான் கணனியை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். ஏன் என்று இந்த இதழின் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

ரொஸ்தோவின் ஓவியம் இந்தக் கதைக்கு அலங்காரமாக நிற்கவில்லை. கதையின் பாதி வேலையை அதுவே செய்கிறது. பெரிய விளையாட்டுக் கொம்பனிகள் பல வருடங்களாக ஒரே திசையில் ஓடுகின்றன: தோல் தோலாகவே தெரியவேண்டும், மழைத்துளி மழைத்துளியாகவே விழவேண்டும். ரொஸ்தோவும் அவரோடு வேலைசெய்த ஓவியர்களும் இதற்கு மறுதலையான வழியில் போனார்கள். கட்டடங்களின் மேலும் பனி கரைந்த தெருக்களின் மேலும் எண்ணெய் வர்ணம் தடவிய தூரிகையின் தடங்கள் தெரிகின்றன. துப்பறிவாளனின் மூளைக்குள் 24 குரல்கள் பேசுகின்றன. தர்க்கம், அதிகாரம், வலி தாங்குதல், கற்பனை என ஒவ்வொன்றுக்கும் ஒரு முகச்சித்திரம் உண்டு. எந்த முகமும் முழுமையாக இல்லை. கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வர்ணக் கீற்று. வாய் இருக்கவேண்டிய இடத்தில் கத்தியால் வழித்த தடம். நினைவிழந்த மனிதனுக்கு உலகம் இப்படித்தான் தெரியும். யுத்தத்தில் தோற்ற நகரமும் தன்னை இப்படித்தான் நினைவுகூரும்.

குறையும் உண்டு. இந்தத் தூரிகை இடிபாட்டைக் கொஞ்சம் அதிகமாகவே அழகாக்கிவிடுகிறது. வறுமையின் சுவர் இவ்வளவு நல்ல நிறத்தில் இருந்தால், அதைப் பார்ப்பவர் அங்கே வாழ்பவரைவிட அந்தச் சுவரையே நேசிக்கத் தொடங்குவார். இன்னொன்று, தொழிலாளரைப் பற்றிய இந்தப் படைப்பில் வேலை நடக்கும் காட்சி மிக அரிது. வேலைநிறுத்தம் என்பது அதற்கொரு சாட்டு. ஆனால் எட்டு மணித்தியாலம் நின்ற கால் எப்படி இருக்கும் என்பதைக் கீறத் தெரிந்த கை ரொஸ்தோவின் கை. அவர் அதைக் கீறவில்லை. ஓவியர்கள் தாங்களே அந்த நேரம் இரவுபகலாக வேலையில் நின்றார்கள் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது.

3

விளையாட்டு வென்றது. 2019இல் அமெரிக்காவின் 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில் நான்கு விருதுகள். அந்த மேடையில் செய்தவர்கள் மார்க்ஸுக்கும் ஏங்கெல்ஸுக்கும் நன்றி சொன்னார்கள். 2020இல் பிரித்தானியாவின் பஃப்ரா மூன்று விருதுகளைக் கொடுத்தது.

2022 ஒக்ரோபரில் செய்தி வேறுவிதமாக வந்தது. கலாசாரச் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரான மார்ட்டின் லுயீகா, சங்கம் கலைக்கப்படுகிறதென்று அறிவித்தார். குர்வித்ஸ், ரொஸ்தோவ், எழுத்தாளர் ஹெலன் ஹிந்த்பெரே ஆகிய மூவரும் 2021 முடிவிலிருந்தே கொம்பனியில் இல்லையென்றும், அவர்கள் தாமாக விலகவில்லையென்றும் அவர் எழுதினார். அடுத்த மாதம் குர்வித்ஸும் ரொஸ்தோவும் பகிரங்கக் கடிதமொன்றை வெளியிட்டனர். கொம்பனியின் பெரும்பான்மைப் பங்கு மோசடியான வழியில் கைமாற்றப்பட்டதென்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. கொம்பனி இதை மறுத்தது. அவர்களுடைய வேலைத்தல நடத்தை சகிக்கமுடியாததாக இருந்ததென்பது கொம்பனியின் பதில். அங்கு தொடர்ந்து வேலைசெய்த சிலரும் இவர்களைக் குறைகூறினர். வழக்குகள் வந்தன. 2024இல், அந்த விளையாட்டின் வழியில் வந்தவர்கள் தாமே என்று சொல்லிக்கொண்டு மூன்று புதிய குழுக்கள் ஒரே மாதத்தில் அறிவித்தன.

சங்கம், பிளவு, பகிரங்கக் கடிதம், மறுப்பறிக்கை, பிளவிலிருந்து பிளவு. இதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எமது எண்பதுகளின் துண்டுப்பிரசுரங்களை யாரோ எஸ்தோனிய மொழியில் பெயர்த்துவிட்டார்களோ என்று நினைத்தேன். யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எல்லாத் தரப்பும் மறுக்காத ஓர் உண்மை போதும்: அந்த நகரத்தைக் கீறியவர் அந்த நகரத்துக்குள் இனிமேல் நுழைய முடியாது. அந்தச் சுவர், அந்தச் சிலை, அந்த 24 முகங்கள் எல்லாம் கொம்பனியின் சொத்து. அதே உலகத்தில் இன்னொரு கதையைச் சொல்ல ரொஸ்தோவ் விரும்பினால் அவர் அனுமதி கேட்கவேண்டும்.

இதில் சதியொன்றும் தேவையில்லை. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், ஊழியர் தன் வேலையின்போது ஆக்கியதன் உரிமை முதலாளிக்கே போகும். அப்படிப்பட்ட ஆக்கத்துக்குத் தன் பெயரைப் போடும்படி கேட்கும் உரிமையைக்கூட அச்சட்டம் பெரும்பாலும் விலக்கிவிடுகிறது. பெயருக்கான சண்டை இத்தொழிலின் பிறப்பிலேயே தொடங்கியது. 1970களின் முடிவில் அற்றாரி கொம்பனி விளையாட்டைச் செய்தவரின் பெயரை வெளியிடுவதில்லை. வொரன் றொபினெற் என்பவர் தனது 'அட்வென்சர்' விளையாட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஓர் அறை கட்டி, அதற்குள் தன் பெயரை ஒளித்துவைத்தார். கொம்பனிக்கு அது தெரியவந்தபோது அவர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். தன் ஆக்கத்துக்குள் தானே களவாகப் புகுந்து கையெழுத்திட்ட மனிதர்! அகதிக்கு இது விளங்கும்.

4

இனி என் மருமகளிடம் வருகிறேன். ரொஸ்தோவ் விருதுமேடை வரை போனவர். இவள் மேடையின் பலகை அறுப்பவள்.

வேலை கிடைக்குமுன் கொம்பனிகள் 'சோதனைப் படம்' கேட்டன. ஒரு வாரம் கீறவேண்டிய வேலை, சம்பளமில்லை. நான்கு கொம்பனிகளுக்குக் கீறிக் கொடுத்தாள். இரண்டிலிருந்து பதிலே வரவில்லை. ஐந்தாவது எடுத்தது, ஒன்பது மாத ஒப்பந்தத்தில். அவள் கல்லூரியில் மனித முகங்களைக் கீறிப் பரிசு பெற்றவள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை பாறைகளும் பாறையின் மேல் பாசியும். ஒருவர் மாதிரிப்படம் கீறுவார், இன்னொருவர் அதற்கு முப்பரிமாண உருக்கொடுப்பார், இவள் மேற்பரப்புத் தீட்டுவாள், நாலாமவர் அசைவு கொடுப்பார், ஐந்தாமவர் வெளிச்சம் வைப்பார். மிச்சம் வெளிநாடுகளுக்குப் போகும். பெங்களூரில் 1997இலேயே தொடங்கப்பட்ட துருவா என்ற கொம்பனி மேலைநாட்டு விளையாட்டுக்களுக்குக் கார்கள் உட்படப் பலதையும் செய்துகொடுத்து வளர்ந்தது. 2019இல் அதை றொக்ஸ்டார் வாங்கிக்கொண்டது. அங்கே கார்க் கதவைச் செதுக்கும் பெடியனும் இங்கே பாசி தீட்டும் என் மருமகளும் ஒரே பட்டறையில்தான் நிற்கிறார்கள். ஒருவரையொருவர் தெரியாது.

விளையாட்டு வெளியாக நாலு மாதம் முன் அவளது ஒப்பந்தம் முடிந்தது. முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அவளது பெயர் இல்லை.

"பாறை நிக்குது மாமா. நான் இல்லை" என்றாள்.

கடைசி மாதங்களில் இரவு பத்து, பதினொன்று மட்டும் நின்றாள். "ஓவர்ரைம் எவ்வளவு வரும்?" என்று நான் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஓவர்ரைமோ? இது கிரியேற்றிவ் வேலையெல்லோ."

அந்த ஒரு சொல்லில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. எனக்கு இரவு வேலைக்கு மேலதிகம் உண்டு. பத்து நிமிடம் பிந்தி நின்றால் அதற்கும் அட்டையில் பதிவு உண்டு. சான்ட்விச் அடுக்குபவனுக்கு உள்ள கணக்கு, படம் கீறுபவளுக்கு இல்லை. 'கலைஞர்' என்ற பட்டமே அந்தக் கணக்கை அழித்துவிட்டிருந்தது.

இதைவிடத் தெளிவாக இந்த முரண்பாடு கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. 2004இல் இலெக்ரோனிக் ஆர்ட்ஸ் என்ற பெருங்கொம்பனியின் ஊழியரொருவரின் துணைவி, முடிவற்ற வேலைநேரம் தம் வீட்டை எப்படிச் சிதைக்கிறதென்று பெயர் குறிப்பிடாமல் எழுதிய கடிதம் தொழில்துறை முழுவதையும் உலுக்கியது. அதே ஆண்டில் அக்கொம்பனியின் ஓவிய ஊழியர்கள் ஓவர்ரைம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். அங்கே சட்டத்தில் ஒரு பொறி இருந்தது. சொந்தக் கற்பனையால் ஆக்குகின்ற கலைஞருக்கு ஓவர்ரைம் விதி பொருந்தாது. எனவே வழக்கில் வெல்ல ஓவியர்கள் சொல்லவேண்டியிருந்தது இதுதான்: எமது வேலையில் சுயமான ஆக்கம் இல்லை, சொன்னதைச் சொன்னபடி செய்கிறோம். தாங்கள் கலைஞர்களல்ல என்று ஓவியர்கள் வாதாடுகிறார்கள். இல்லை, நீங்கள் கலைஞர்களே என்று முதலாளி வாதாடுகிறார்! 2005இல் 15.6 மில்லியன் டொலருக்கு வழக்குச் சமரசமாகியது. கீழ்மட்ட ஓவியர்கள் மணித்தியாலக் கூலிக்கு மாற்றப்பட்டு ஓவர்ரைம் பெற்றார்கள்.

மார்க்ஸ் இதை முன்னரே பார்த்திருக்கிறார். மிகைமதிப்பு பற்றிய குறிப்புகளில் அவர் மில்டனையும் லைப்ஸிக் நகரத்தில் பதிப்பாளரின் கட்டளைக்குப் புத்தகம் எழுதித் தள்ளுபவனையும் அருகருகே நிறுத்துவார். மில்டன் தன் காவியத்தைப் பட்டுப்பூச்சி பட்டு நூற்பதுபோலத் தன் இயல்பால் நூற்றார். பின்னர் 5 பவுணுக்கு விற்றார். லைப்ஸிக்காரனின் எழுத்து ஆரம்பத்திலிருந்தே மூலதனத்துக்கு அடங்கியது. இதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கமுடியும் என்பதை என் மருமகளிடம்தான் படித்தேன். அவள் இரவில் வீட்டில் முகம் கீறும்போது பட்டுப்பூச்சி. பகலில் பாசி தீட்டும்போது லைப்ஸிக்காரி. கொம்பனியின் கெட்டித்தனம் என்னவென்றால், பட்டுப்பூச்சியின் ஆசையைக் காட்டி லைப்ஸிக்காரியின் நேரத்தை வாங்குவது. விருப்பமான வேலைதானே, பிறகேன் கணக்குப் பார்க்கிறாய் என்று அது கேட்கிறது.

அந்த விருப்பத்துக்கும் இப்போது பேரம் குறைகிறது. 2023, 2024 ஆகிய இரு வருடங்களில் மட்டும் உலகெங்கும் இத்தொழிலில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். 'ஸா உம்' கொம்பனியே 2024 தொடக்கத்தில் ஏறத்தாழக் கால்வாசிப் பேரை நிறுத்த முடிவெடுத்தது. என் மருமகளுக்குப் பின்னர் கிடைத்த தற்காலிக வேலை, கணனி தானாக உருவாக்கிய படங்களில் ஆறாவது விரலை அழிப்பது.

5

இவ்வளவையும் சொன்ன பிறகு, அவளை அந்தத் தொழிலுக்குப் போகவேண்டாமென்று நான் சொல்லியிருக்கவேண்டுமென வாசகர் நினைக்கலாம். என் தங்கை அதைத்தான் எதிர்பார்த்தாள். "அண்ணை, நீங்கள் சொன்னால் கேப்பாள். கணக்கியல் படிக்கச் சொல்லுங்கோ" என்றாள். நான் சொல்லவில்லை. அந்த அறிவுரையைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்பதே காரணம்.

நான் தொழிற்சாலைக்குப் போன முதல் ஏழு வருடம் தொழிற்சங்கத்தில் சேரவில்லை. பக்கத்தில் நின்ற பஞ்சாபிப் பெண்கள் எத்தனையோ தடவை படிவத்தை நீட்டினார்கள். நான் தற்காலிகமாகத்தான் இங்கே நிற்கிறேன், உண்மையில் நானொரு விரிவுரையாளர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தொழிலாளி வர்க்கத்தைப் பற்றி இந்தச் சஞ்சிகையில் பக்கம் பக்கமாக எழுதியபடியே, தொழிலாளி என்ற சொல்லை என் மேல் ஒட்டவிடாமல் பார்த்துக்கொண்டேன். இல்லாமற்போன ஒரு பதவியின் பெயர் எனக்குக் கவசமாக இருந்ததாக நினைத்தேன். அது கவசமல்ல, கண்கட்டு. என் நேரத்தை மலிவாக விற்கச் செய்தது அந்தப் பெயர். 'கலைஞர்' என்ற பெயர் என் மருமகளுக்குச் செய்ததும் அதுவே.

எனவே நண்பரின் கட்டுரைக்கு என் பதில்: நான்காவது கதவைத் திறந்துவிடுங்கள். ஆனால் கதவுக்கு அப்பால் பூந்தோட்டம் என்று பிள்ளைக்குப் பொய் சொல்லாதீர்கள். அங்கேயும் மணி அடிக்கும், மேற்பார்வையாளர் நிற்பார், ஒப்பந்தத்தில் சிறிய எழுத்து இருக்கும். தூரிகை பிடிக்கப் பழக்கும்போதே ஒப்பந்தம் வாசிக்கவும் பழக்கவேண்டும்.

வழி இல்லாமலும் இல்லை. பிரித்தானியாவில் விளையாட்டுத் தொழிலாளருக்கான சங்கக் கிளை 2018 டிசம்பரில் தொடங்கியது. வேலைநீக்கங்களுக்குப் பிறகு 'ஸா உம்' கொம்பனியின் பிரித்தானிய ஊழியர்களே அதற்குள் ஒழுங்குதிரண்டு, 2025இல் நிர்வாகத்தின் முறையான அங்கீகாரத்தைப் பெற்றார்கள். வேலைநிறுத்தத்தைக் கதையாக்கிய கொம்பனிக்குள் கடைசியில் ஒரு தொழிற்சங்கம் வந்தது. கதை எழுதியவர்களும் கீறியவர்களும் வெளியே போன பிறகு. கதையில் வரும் துறைமுகச் சங்கத் தலைவன் கப்பல் கொள்கலனுக்குள் இருந்து பேரம் பேசும் தந்திரக்காரன். சங்கங்களை நாம் தேவதைகளாக நினைக்கத் தேவையில்லை. தலைவனைச் சந்தேகி, சங்கத்தை விட்டுவிடாதே என்றுதான் அந்த விளையாட்டை நான் வாசித்தேன்.

கடைசியாக எமது வீட்டு விடயம் ஒன்று. இந்தச் சஞ்சிகையின் அட்டையை ஒவ்வொரு இதழுக்கும் யாரோ ஒரு பிள்ளை கீறித் தருகிறது. என்னிடமுள்ள பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். பாதியில் ஓவியரின் பெயரே இல்லை. பெயர் உள்ளவற்றிலும் ஒருவருக்காவது நாம் ஒரு சதம் கொடுத்ததில்லை. சமூகத்துக்கான வேலைதானே என்று கேட்டிருக்கிறோம். விருப்பமான வேலைதானே என்று கொம்பனி கேட்டதும் அதே குரலில்தான். கட்டுரை எழுதும் எமக்கும் பணமில்லை என்பது உண்மை. ஆனால் எமது பெயரை நாம் ஒருபோதும் மறந்துபோனதில்லை.

அடுத்த ஆசிரியர் குழுக் கூட்டத்துக்கு இரண்டு பிரேரணைகளை வைக்கிறேன். ஒன்று, இதுவரை வந்த இதழ்களின் அட்டை ஓவியர்களைத் தேடிப்பிடித்து, அவர்களது பெயர்களை ஒரு பக்கத்தில் பிரசுரிப்பது. இரண்டு, சந்தாப் பணத்தில் எவ்வளவு சிறிய தொகையானாலும் அட்டை ஓவியருக்கு ஒதுக்குவது. கீறிய மூலப்படமும் உரிமையும் அவரிடமே இருக்கும் என்று எழுத்தில் கொடுப்பது. இதற்கு மறுப்பிருந்தால் நண்பர்கள் எழுதலாம்.

மருமகள் சென்ற மாதம் சங்கத்தில் சேர்ந்தாள். இப்போது இன்னொரு கொம்பனியில் ஆறு மாத ஒப்பந்தம், திரும்பவும் பாறைகள். ஒப்பந்தத்தைக் கையெழுத்திட முன் என்னிடம் கொண்டுவந்தாள். பெயர்ப்பட்டியல் பற்றிய ஒரு வரியைச் சேர்க்கும்படி இரண்டு பேருமாக இருந்து கடிதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.